டெல்லியில் எம்.பி. அலுவலக இன்டர்ன்: கிளம்பும் முன் கேட்கப்படும் கேள்விகள்

நான் டெல்டா மாவட்டத்துக்காரி. கல்லூரி முடித்த கையோடு டெல்லிக்குப் போய், தமிழ்நாட்டு மக்களவை உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் ஓராண்டு வேலை பார்த்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மே மாதமும் யாராவது தம்பியோ தங்கையோ போன் செய்து, "அக்கா, எனக்கு டெல்லியில் கிடைத்திருக்கிறது, போகலாமா?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

எம்.பி. அலுவலகத்தில் இன்டர்னுக்கு என்னதான் வேலை?

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேர், மாநிலங்களவைக்கு 18 பேர் போகிறார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு டெல்லியில் இருப்பது ஒரு பி.ஏ. (நேர்முக உதவியாளர்), ஓர் அலுவலக உதவியாளர், ஒரு டிரைவர், அவ்வளவுதான். மேசை மீது மசோதா, நிலைக்குழு அறிக்கை, பட்ஜெட் புத்தகம், தொகுதியிலிருந்து வந்த மனுக்கள் எல்லாம் குவிந்து கிடக்கும். அதைப் படித்து, சுருக்கி, கேள்வியாகவோ பேச்சாகவோ கடிதமாகவோ மாற்றிக் கொடுப்பதுதான் உங்கள் வேலை. போட்டோ எடுத்து சமூக ஊடகத்தில் போடுவதையும் சில அலுவலகங்களில் இன்டர்ன் தலையில் கட்டுவார்கள். செய்யுங்கள், ஆனால் அது மட்டுமே வேலை என்றாகிவிட்டால் ஒரு மாதத்துக்குள் பேசிவிடுங்கள்.

எப்படிச் சேர்வது? சிபாரிசு வேண்டுமா?

பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற ஆய்வு அமைப்பு 2010 முதல் 'லாம்ப்' ஃபெல்லோஷிப் நடத்துகிறது. பட்டம் முடித்த, 25 வயதுக்கு மேற்படாத இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கொரு எம்.பி.யிடம் அனுப்புவார்கள். மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கி பட்ஜெட் கூட்டத்தொடர் முடியும் வரை வேலை இருக்கும், மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. கட்சி சார்பற்ற திட்டம். எழுத்துத் திறனைத்தான் பார்க்கிறார்கள், எந்தக் கல்லூரி என்பதை அல்ல.

அடுத்த வழி, நேராக எம்.பி.க்கே எழுதுவது. எல்லா உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரியும் நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கிறது. "தங்களிடம் பணியாற்ற விரும்புகிறேன்" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. அந்த எம்.பி. கடந்த கூட்டத்தொடரில் கேட்ட கேள்விகளைப் படித்து, அவற்றில் ஒன்றை எடுத்து, அடுத்து என்ன கேட்கலாம் என்று ஒரு பக்கம் எழுதி இணையுங்கள். எனக்குத் தெரிந்து ராமநாதபுரத்துப் பையன் ஒருவன், மீனவர் கைது பற்றி இப்படி ஒரு பக்கம் எழுதித்தான் உள்ளே நுழைந்தான். அப்பா கட்சியில் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

சம்பளம் வருமா?

ஃபெல்லோஷிப்பில் வரும். நேரடியாகச் சேர்ந்தால் பல இடங்களில் வராது. இதை மழுப்பாமல் சொல்கிறேன்: வீட்டிலிருந்து மாதாமாதம் பணம் வரும் பிள்ளைகள் மட்டுமே இந்த வேலைக்கு வர முடிகிற நிலை அநியாயமானது. கூலித் தொழிலாளி வீட்டுப் பெண் ஒருத்தி அந்த மேசையில் உட்கார்ந்தால் நூறு நாள் வேலைச் சம்பள பாக்கி பற்றிய கேள்வி வேறு மாதிரி இருக்கும். சம்பளம் இல்லையென்றால் ஒரு கூட்டத்தொடருக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். எத்தனை நாள், என்ன வேலை, சான்றிதழ் உண்டா என்பதை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

எனக்கு இந்தி தெரியாது. சமாளிக்க முடியுமா?

முடியும். அலுவலகத்தில் எழுத்து வேலை எல்லாம் ஆங்கிலத்தில்தான். இந்தி தேவைப்படுவது வாசல் காவலர், ஆட்டோக்காரர், வீட்டுக்காரர், அமைச்சகத்தில் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் கிளார்க் ஆகியோரிடம். மூன்று மாதத்தில் தானாக வந்துவிடும். நூறு வார்த்தை கற்றுக்கொள்வதால் யாருடைய கொள்கையும் குறைந்துபோகாது.

ஆனால் அலுவலகக் கடிதம் வேறு விஷயம். தமிழ்நாட்டு எம்.பி. ஆங்கிலத்தில் அனுப்பிய கடிதத்துக்குச் சில சமயம் இந்தியில் பதில் வரும். அதைக் கூகுளில் போட்டு மொழிபெயர்த்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ஒன்றிய அரசின் 1976 ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று அந்த விதிகளிலேயே எழுதியிருக்கிறது. மதுரை எம்.பி. சு. வெங்கடேசன் தொடர்ந்த வழக்கில், ஆங்கிலத்தில் மனு வந்தால் ஆங்கிலத்தில்தான் பதில் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. இரண்டையும் குறிப்பிட்டு, ஆங்கிலத்தில் பதில் கேட்டு மறுகடிதம் தயார் செய்து பி.ஏ.விடம் கொடுங்கள்.

அவையில் தமிழில் பேசவும் வழி உண்டு. உடனடி மொழிபெயர்ப்பு இருக்கிறது. எம்.பி. தமிழில் பேசப்போகிறார் என்றால், மொழிபெயர்ப்பாளர் திணறாமல் இருக்க, எண்களையும் திட்டப் பெயர்களையும் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

எங்கே தங்குவது?

முனிர்கா, கரோல் பாக், ஆர்.கே. புரம், மயூர் விஹார் என்று தமிழர்கள் பழகிய இடங்கள் சில இருக்கின்றன. நான் முனிர்காவில் இருந்தேன். இரண்டு பேர் பகிர்ந்த அறை, ஆளுக்கு 7,500 ரூபாய், ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். மெட்ரோவில் ஹவுஸ் காஸ் போய் மஞ்சள் தடத்துக்கு மாறினால் சென்ட்ரல் செக்ரட்டேரியட் வந்துவிடும். எம்.பி.க்களின் வீடுகள் நார்த் அவென்யூ, சவுத் அவென்யூ, பி.டி. மார்க் என்று அந்த வட்டாரத்திலேயே இருப்பதால் இந்தத் தடம் சௌகரியம். முன்பணம் கொடுக்கும் முன் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். பகலில் பார்த்த தெருவாக அது இருக்காது.

சென்னை சென்ட்ரலில் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் மூன்றாம் நாள் காலை புது டெல்லி. முதல் இரண்டு நாளைக்கு யாராவது தெரிந்தவர் வீடு இருந்தால் நல்லது. ஊர் நினைப்பு வந்தால் ஆர்.கே. புரத்தில் மலை மந்திர் முருகன் கோயில் இருக்கிறது, அதே பகுதியில் 1946-ல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கமும் இருக்கிறது. சங்கத்து நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் அறை தேட உதவுகிற ஒரு மாமாவோ மாமியோ கட்டாயம் கிடைப்பார்கள்.

எம்.பி.யை எப்படிக் கூப்பிடுவது?

கட்சிக்காரர்கள் "அண்ணன்" என்பார்கள், தொகுதிப் பெரியவர்கள் "ஐயா" என்பார்கள். நீங்கள் "சார்" அல்லது "மேடம்" என்று தொடங்குங்கள். பி.ஏ.வை "அண்ணா" என்று கூப்பிடுவதில் தப்பில்லை. அந்த அலுவலகத்தில் உங்களுக்கு உண்மையான ஆசிரியர் அவர்தான்.

கேள்வி எழுதச் சொல்கிறார்கள். எப்படி எழுதுவது?

இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 மணிக்கு, மாநிலங்களவையில் 12 மணிக்கு. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்ல வேண்டும், எம்.பி. எழுந்து துணைக் கேள்வி கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு இப்படி 20 கேள்விகள். அவற்றிலும் அவையில் எடுத்துக்கொள்ளப்படுபவை ஐந்தாறைத் தாண்டுவது அபூர்வம். நட்சத்திரக் குறியில்லாதவை ஒரு நாளைக்கு 230. இவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். கேட்டவை எல்லாம் பட்டியலில் ஏறாது. எது முன்னால் வரும் என்பது குலுக்கலில் முடிவாகும்.

ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருக்கும். குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதனால் கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்பே உங்கள் வேலை தொடங்கிவிடும். எந்த அமைச்சகத்துக்கு எந்தத் தேதி, நோட்டீஸுக்குக் கடைசி நாள் எது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அது தவறினால் எவ்வளவு நல்ல கேள்வியும் வீண்.

இனி எழுத்து. நான் சேர்ந்த முதல் மாதம் தொகுதியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான்காக மடித்த கோடு போட்ட தாள், நீல மை. சம்பா மூழ்கிவிட்டது, பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டியிருந்தேன், பக்கத்து ஊருக்கு இழப்பீடு வந்தது, எங்களுக்கு வரவில்லை என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். கட்டிய ரசீதின் ஜெராக்ஸும் உள்ளே இருந்தது. நான் உருகிப்போய் இப்படி எழுதினேன்: "டெல்டா விவசாயிகளுக்குப் பயிர்க் காப்பீட்டு இழப்பீடு முறையாகக் கிடைப்பதில்லை என்பது அரசுக்குத் தெரியுமா? தெரியுமெனில் எடுத்த நடவடிக்கை என்ன?"

பி.ஏ. அண்ணன் படித்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு என்ன பதில் வரும் தெரியுமா? 'இல்லை. இரண்டாவது கேள்வி எழவில்லை.' ரெண்டே வரி. பெரியவருக்கு அதை அனுப்புவியா?"

பிறகு இருவரும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். கேள்வி ஆங்கிலத்தில் போகும். அதன் சாரம் இது:

வேளாண் அமைச்சர் தெரிவிப்பாரா:
(அ) கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த மாவட்டத்தில் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த விவசாயிகள் எத்தனை பேர், ஆண்டுவாரியாக;
(ஆ) அதே காலத்தில் விவசாயிகளும் அரசுகளும் கட்டிய பிரீமியம் எவ்வளவு, வழங்கப்பட்ட இழப்பீடு எவ்வளவு;
(இ) நிலுவையில் உள்ள கோரிக்கைகள் எத்தனை, காரணம் என்ன;
(ஈ) அவை எந்தத் தேதிக்குள் தீர்க்கப்படும்?

வித்தியாசம் தெரிகிறதா? முதல் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லித் தப்பலாம். இரண்டாவதற்கு எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும். 'தெரியுமா' என்று கேட்காதீர்கள், 'எத்தனை' என்று கேளுங்கள். காலத்தையும் இடத்தையும் குறிப்பிடுங்கள். மக்களவையில் ஒரு கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது, உருக்கத்துக்கு அதில் இடம் இல்லை. உங்கள் உருக்கத்தையெல்லாம் சரியான எண்ணைத் தேடுவதில் காட்டுங்கள்.

உங்கள் ஊர் அறிவு பயன்படுவதும் இங்கேதான். பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு பொதுவாகத் தனி வயலைப் பார்த்துக் கணக்கிடப்படுவதில்லை. வருவாய் கிராமம் போன்ற ஓர் அலகில் சில வயல்களில் அறுவடைப் பரிசோதனை செய்து, அந்த விளைச்சலை வைத்துக் கணக்கிடுகிறார்கள். பக்கத்து ஊருக்கு வந்தது நமக்கு வரவில்லை என்ற வயிற்றெரிச்சலின் வேர் அங்கே இருக்கிறது. டெல்லியிலேயே வளர்ந்த ஒருவருக்கு இது புரிய ஒரு வாரம் ஆகும். வயல்வரப்பில் நடந்து வளர்ந்த பிள்ளைக்கு ஒரு நிமிடம் போதும். உங்கள் ஆங்கிலம் சுமாராக இருக்கிறதே என்று கூச்சப்படுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

கேள்வி நிராகரிக்கப்பட்டுவிட்டது. ஏன்?

பெரும்பாலும் அது மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டதாக இருக்கும். காவல் நிலையம், ஊராட்சித் தெருவிளக்கு போன்றவற்றை நாடாளுமன்றத்தில் கேட்க முடியாது. அதே பிரச்சினைக்குள் ஒன்றிய அரசின் திட்டமோ நிதியோ இருக்கிறதா என்று தேடி, அந்த வழியாகக் கேளுங்கள். நீதிமன்றத்தில் இருப்பது, வாதமோ கருத்தோ கலந்தது, ஏற்கெனவே பதில் வந்தது ஆகியவையும் தள்ளப்படும். எழுதும் முன் பழைய கேள்விகளை இணையதளத்தில் தேடிப் பாருங்கள்.

'தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது' என்று பதில் வந்தால்?

அதோடு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். 'சேகரித்து அவையில் வைக்கப்படும்' என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்க அரசு உறுதிமொழிகள் குழு என்று தனிக் குழுவே இருக்கிறது. தேதியைக் குறித்து வைத்து, மூன்று மாதம் கழிந்ததும் எம்.பி.யிடம் நினைவூட்டுங்கள். இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தர மாட்டார்கள். சத்தமே இல்லாமல் பலன் தருகிற வேலை இது.

தனிநபர் மசோதா எழுதினால் பயன் உண்டா?

அமைச்சராக இல்லாத எம்.பி. தன் பெயரில் கொண்டுவருவதுதான் தனிநபர் மசோதா. வெள்ளிக்கிழமை பிற்பகல் அதற்கான நேரம். இதுவரை சட்டமானவை 14 மட்டுமே, கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-ல். ஆனாலும் எழுதுங்கள். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24 அன்று நிறைவேற்றியது. அது மக்களவையைத் தாண்டவில்லை. என்றாலும் அதற்குப் பிறகு அரசே ஒரு மசோதாவைக் கொண்டுவர வேண்டியதாயிற்று, 2019-ல் அது சட்டமானது. அந்தச் சட்டத்தின் மீது திருநர் சமூகத்துக்குக் கடுமையான விமர்சனங்கள் உண்டு. ஆனால் பேச்சைத் தொடங்கி வைத்தது ஒரு தனி உறுப்பினரின் வரைவு.

அவைக்குள் போய்ப் பார்க்கலாமா?

பார்வையாளர் மாடத்துக்கு எம்.பி.யின் கையெழுத்தோடு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 2023 டிசம்பர் 13 அன்று இருவர் மாடத்திலிருந்து மக்களவைக்குள் குதித்த பிறகு கெடுபிடி அதிகம். இன்டர்ன் என்பதால் உள்ளே சுற்றித் திரியலாம் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலான நாட்கள் எம்.பி. வீட்டு முன்னறையில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் அவையைப் பார்த்துக்கொண்டு, அவர் கேட்கும் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்புவீர்கள். ஒருமுறையாவது மாடத்தில் உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் எழுதிய வரி அவைக்குள் ஒலிப்பதைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும்.

சிபாரிசு கேட்டு வருபவர்களிடம் என்ன சொல்வது?

காலை எட்டு மணிக்கே வருவார்கள். ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டுக்கு அவசர கோட்டா கடிதம், எய்ம்ஸில் டாக்டரைப் பார்க்க ஏற்பாடு, பிரதமர் நிவாரண நிதியிலிருந்து சிகிச்சை உதவி. கேந்திரிய வித்யாலயா சீட் கேட்டு இன்றும் வருகிறார்கள். எம்.பி.க்களுக்கான அந்த ஒதுக்கீடு 2022-லேயே ரத்தாகிவிட்டது. இதை முதல் நிமிடமே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், இரண்டு நாள் அலையவிட்டுச் சொல்லாதீர்கள்.

நோயாளியோடு வருபவர்களை முதலில் உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள். மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுச் சான்று கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் நிதி விண்ணப்பம் நகராது. இரண்டு நாள் ரயிலில் வந்தவரை ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்புவது கொடுமை. என்னென்ன தாள் வேண்டும் என்று தமிழில் ஒரு பட்டியல் போட்டுத் தொகுதி அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். நான் செய்த வேலைகளில் அதிகம் பேருக்குப் பயன்பட்டது அந்த ஒரு பக்கப் பட்டியல்தான்.

தப்பு செய்துவிட்டால்?

நான் செய்திருக்கிறேன். பூஜ்ய நேரப் (அவசரப் பிரச்சினைகளை அவையில் எழுப்பும் நேரம்) பேச்சுக்கான குறிப்பில், மூன்று ஆண்டுத் தொகையை ஓராண்டுத் தொகை என்று எழுதிவிட்டேன். ஒரு நாளிதழ்ச் செய்தியை மட்டும் நம்பியதால் வந்த வினை. இரவு பதினொன்றரைக்குப் பி.ஏ. அண்ணன் கண்டுபிடித்தார். காலையில் அது அவைக் குறிப்பில் ஏறியிருந்தால் அவைக்குத் தவறான தகவல் தந்தார் என்று எம்.பி. மீது உரிமை மீறல் புகார் வரைக்கும் போயிருக்கலாம். அன்றிலிருந்து ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்று பென்சிலால் எழுதாமல் நான் எதையும் கொடுத்ததில்லை. தப்பு தெரிந்ததும் உடனே சொல்லுங்கள். ஒளித்து வைத்தால் அடுத்த தடவை உங்களிடம் எதையும் தர மாட்டார்கள்.

எதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது?

நிலைக்குழுக் கூட்டத்தில் நடந்தது, தாக்கலாகாத அறிக்கை, மனு கொடுத்தவரின் நோய், குடும்ப விவரம். எம்.பி.யின் இணையக் கணக்குக் கடவுச்சொல் உங்களிடம் வந்தால், வேண்டாம் என்று சொல்லப் பாருங்கள். 2023 டிசம்பரில் ஓர் உறுப்பினர் தன் கணக்கு விவரங்களை வெளியாளுக்குக் கொடுத்தார் என்பது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளின் பேரில் மக்களவையிலிருந்து நீக்கப்பட்டார். கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக 2005-ல் இரு அவைகளிலும் சேர்த்து 11 பேர் பதவி இழந்தார்கள். ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஆள் காபி வாங்கிக் கொடுத்து, "இந்தக் கேள்வியை மட்டும் சேர்த்துவிடு தம்பி" என்பார். அன்றே பி.ஏ.விடம் சொல்லிவிடுங்கள்.

அந்தக் கட்சியின் கொள்கை எனக்கு ஒத்துவராது. சேரலாமா?

தொகுதிப் பிரச்சினைகளில் ஒத்துப்போனால் போதும், சேரலாம். மனசாட்சிக்கு ஒவ்வாத ஒன்றை எழுதச் சொன்னால், முடியாது என்று பணிவாகச் சொல்லுங்கள். நான் ஒருமுறை சொன்னேன், வேறொருவர் எழுதினார், எனக்கு எந்தக் கெடுதலும் வரவில்லை.

பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு எப்படி?

வீடே அலுவலகமாக இருப்பதால், வேலை எங்கே முடிகிறது என்ற கோடு மங்கலாக இருக்கும். மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் நின்றுவிடும். அதற்குமேல் வேலை என்றால் வண்டி ஏற்பாடு கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டம் பயிற்சியாளர்களுக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்காது. அப்போது மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். அரசியலில் இதெல்லாம் சகஜம் என்று யாராவது சொன்னால், அவர் பெரிய மனிதராகவே இருந்தாலும், நம்பாதீர்கள்.

குளிர் தாங்குமா?

குளிர்காலக் கூட்டத்தொடர் டிசம்பரில் நடக்கும். காலையில் மூடுபனியில் எதிரே வரும் ஆள் தெரியாது. ஸ்வெட்டரை ஊரில் வாங்காதீர்கள், சரோஜினி நகர் மார்க்கெட்டில் மலிவு. நவம்பர் காற்று ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது, மருந்தோடு போங்கள்.

என் பெயர் எங்காவது வருமா?

வராது. கேள்வி எம்.பி. பெயரில் பதிவாகும், பதில் அமைச்சர் பெயரில் வரும். நான் சொன்ன அந்தக் காப்பீட்டுக் கேள்விக்கு நான்கு பகுதிக்கும் எண்களோடு பதில் வந்தது. அதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, எம்.பி. கையெழுத்தோடு அந்தப் பெரியவருக்குத் தபாலில் அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து மறுபடியும் கோடு போட்ட தாள், நீல மை. மாவட்டக் கணக்கு கிடைத்தது, மகிழ்ச்சி, ஆனால் எங்கள் வருவாய் கிராமத்தில் அறுவடைப் பரிசோதனை எந்த வயலில், எந்தத் தேதியில் நடந்தது என்று அதில் இல்லையே, அதைக் கேட்டுச் சொல்ல முடியுமா என்று எழுதியிருந்தார். அடுத்த கூட்டத்தொடருக்கான நோட்டீஸில் அதைத்தான் முதலில் எழுதினோம்.